இன்ஜின் இறக்கிய கணக்கு

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு முசியேதான் அது ஒரு மனிதரின் பெயர் என்றார். ருடோல்ஃப் டீசல் 1858-இல் பாரிஸில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1870 போரில் அந்தக் குடும்பம் பாரிஸை விட்டு லண்டன் போக நேர்ந்தது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் வெற்றி கண்டது.

1954-இல் டாட்டா நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. 1969-இல் கூட்டு முடிந்து, முகப்பிலிருந்த நட்சத்திரமும் போயிற்று. என் தாய்மாமா வாங்கிய பழைய வண்டி நட்சத்திரம் போட்டது. மரக்காணத்து உப்பை சேலத்துக்கு ஏற்றுவார். குமாஸ்தா வேலையில் இருந்ததால் வண்டிக் கணக்கும் என் தலையில்தான்.

1976-இல் இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. மேடு ஏறினால் இழுவை இல்லை, நீலப்புகை வேறு. பட்டறையில் இன்ஜினை இறக்கிப் பிரித்தார்கள். ஆறு சிலிண்டருக்கும் லைனர், பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், ராடு பேரிங், வால்வு வேலை, பம்ப், நாஸில் சர்வீஸ், கேஸ்கட், கூலி. எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம், என் பத்து மாதச் சம்பளம். மாமி வளையலைக் கழற்றிக் கொடுத்தார்.

மேஸ்திரி கிராங்க்கை மைக்ரோமீட்டரில் பார்த்துவிட்டு, "லேசா ஓவலாயிருக்கு சார், பத்து சைஸுக்குக் கிரைண்டிங் போட்டுடலாம்" என்றார். லேத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய். "புது பேரிங்தான் போடுகிறோமே, இது எதுக்கு?" என்று சொல்லி அந்த வரியை அடித்தவன் நான்தான். மாமா என் பேச்சைத் தட்டவில்லை.

கிராங்க் எத்தனை முறை வேண்டுமானாலும் கடையக்கூடியது அல்ல என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கடைசலுக்கும் அது மெலியும்; அதற்கேற்பப் பேரிங் தடிமனாக வரும். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு கணக்கு. நாற்பதுக்குப் பிறகு புதுக் கிராங்க்தான்.

நாலே மாதத்தில், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, ஆயில் பிரஷர் இறங்கி, இன்ஜின் தட்டியது. டிரைவர் நிறுத்துவதற்குள் பேரிங் உருகிக் கிராங்க்கைப் பிடித்துவிட்டது. உப்பை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பினோம். இருபத்திரண்டு நாள் வண்டி நின்றது. பைனான்ஸ் தவணை நிற்கவில்லை. காயம் ஆழமாக இருந்ததால், பத்தில் முடிந்திருக்க வேண்டிய கிராங்க் நேராக முப்பதுக்குப் போனது. அதன் ஆயுளில் இரண்டு படியை நான் ஒரு பேனாக் கோட்டில் தின்றுவிட்டேன்.

மாமா என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடுத்த தடவை மேஸ்திரி சொல்றதையும் எழுதிக்கப்பா" என்றார், அவ்வளவுதான்.

இன்று இந்த வேலை லட்சக்கணக்கில் போகிறது. புது வண்டிகளில் இன்ஜெக்டர், சென்சார் என்று செலவுத் தலைப்புகளும் கூடிவிட்டன. இப்போதும் யாராவது பட்டறைச் சீட்டை என்னிடம் காட்டி, எதைக் குறைக்கலாம் என்று கேட்பதுண்டு. பெயின்டைக் குறையுங்கள், அளந்து பார்த்துச் சொன்னதைக் குறைக்காதீர்கள் என்பேன். மாமியின் வளையலை மூன்று வருடம் கழித்துத்தான் எங்களால் மீட்க முடிந்தது.