ஒரே பெட்டகமா, இரண்டு பெட்டிகளா?

அமெரிக்காவில் வேட்டைக்கும் விளையாட்டுக்கும் பொருள் விற்கும் பெரிய கடை எதற்குள் போனாலும் துப்பாக்கிப் பெட்டகங்கள் ஆளுயரத்துக்கு வரிசைகட்டி நிற்கும். கதவைத் திறந்தால் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர்: தீச்சுவாலைப் படம், அதற்குக் கீழே '1400 டிகிரி, 40 நிமிடம்' என்பதுபோல ஒரு வரி. அடுத்த பெட்டகத்தில் 30 நிமிடம். விலையும் கொஞ்சம் இறக்கம். மான் வேட்டைக்கு இரண்டு ரைஃபிளும் ஒரு ஷாட்கன்னும் வைத்திருக்கும் குடும்பஸ்தருக்கு, எத்தனை நிமிடத்தை வாங்குவது என்பதுதான் கேள்வியாகத் தோன்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கையில் இருக்கும் பணத்தை ஒரே பெட்டகத்தில் போடுவதா, இரண்டு பெட்டிகளாகப் பிரிப்பதா?

முதல் வழி, உள்ளே ஜிப்சம் பலகை பொருத்திய தொடக்கநிலைத் துப்பாக்கிப் பெட்டகம். ஏறக்குறைய 600 முதல் 1,000 டாலர். துப்பாக்கி, தோட்டா, பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், நகை எல்லாம் ஒரே கதவுக்குப் பின்னால். இரண்டாவது வழி, தீக்காப்பு எதுவும் இல்லாத தகட்டு அலமாரி. நம்மூர் பீரோவைப் பாதி அகலமாக்கினால் எப்படியிருக்குமோ அப்படி. 150 முதல் 300 டாலருக்குள் கிடைக்கும். கூடவே, காகிதங்களுக்கென்று சோதனை முத்திரை பெற்ற சிறு தீக்காப்புப் பெட்டி ஒன்று. அது பெரும்பாலும் 100 டாலரைத் தாண்டாது. இரண்டையும் கூட்டினாலும் முதல் வழியின் செலவில் ஏறத்தாழ பாதிதான்.

பெட்டகத்தின் சுவருக்குள் இருப்பதைப் பார்த்தால்தான் ஸ்டிக்கருக்குப் பொருள் விளங்கும். விலை குறைந்த வகைகளில் வெளித்தகடு பெரும்பாலும் 14 கேஜ், அதாவது 1.9 மில்லிமீட்டர். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 12 கேஜ் என்றால் 2.66 மி.மீ., 10 கேஜ் என்றால் 3.4 மி.மீ. தகட்டுக்கு உட்புறம் அரை அங்குல ஜிப்சம் பலகை. அமெரிக்க வீடுகளின் உட்சுவருக்கு அடிப்பதும் இதே சரக்குதான். அதன்மேல் கம்பளத் துணியை ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். கடையில் நிற்கும்போதே அந்தத் துணிமேல் விரலை ஓட்டி மூலைகளை அழுத்திப் பார்க்கலாம். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் விரல் சற்றே உள்வாங்கினால் அங்கே சந்து இருக்கிறது. மேற்கூரையில் எத்தனை அடுக்கு என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். எரியும் அறையில் சூடு முதலில் திரள்வது மேலேதான். கதவு விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டியிருக்கும். சூடு பட்டால் பல மடங்கு உப்பி இடைவெளியை அடைக்கும் பொருள் அது. அது நான்கு பக்கமும் விடுபடாமல் ஓடுகிறதா என்பதையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஜிப்சம் மட்டமான பொருள் அல்ல. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தீ சுடும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,260 கிலோ ஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. தண்ணீர் தீரும்வரை பலகையின் மறுபக்கம் பெரிதாகச் சூடேறாது. தீர்ந்த பிறகு மிஞ்சுவது உதிரும் மாவு. ஆக, ஸ்டிக்கரில் உள்ள நிமிடங்கள் என்பவை உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதன் கணக்கு. பலகை மெலிதாக இருந்துகொண்டு நிமிடம் மட்டும் நீளமாக இருந்தால் சந்தேகப்படலாம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது சோதனை. இங்கேதான் இரண்டு வழிகளும் நன்றாகப் பிரிகின்றன. 1894இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ், சுருக்கமாக யூ.எல்., ஆவணப் பெட்டிகளுக்கு 'யூ.எல். 72' என்றொரு தரம் வைத்திருக்கிறது. அரை மணி வகுப்பில் உலையின் வெப்பம் 1550 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறுகிறது, அதாவது 843 செல்சியஸ். ஒரு மணி வகுப்பில் 1700, அதாவது 927 செல்சியஸ். பெட்டியின் உட்புறம் 350 ஃபாரன்ஹீட்டை, நம் கணக்கில் 177 செல்சியஸைத் தாண்டக் கூடாது. நேரம் முடிந்ததும் பெட்டியை வெளியே எடுத்துவிட மாட்டார்கள். உலையை அணைத்து, உள்ளேயே வைத்து ஆறவிட்டு, அப்போதும் உள்வெப்பத்தை அளக்கிறார்கள். தீ அணைந்த பிறகும் இரும்பும் சாம்பலும் நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால் இந்த விதி முக்கியம். திடீரென்று கடும் சூட்டில் தள்ளி, உள்ளிருக்கும் நீராவியால் பெட்டி வெடிக்கிறதா என்று பார்க்கும் தனிச்சோதனையும் உண்டு.

நூறு டாலருக்குள் கிடைக்கும் சிறு பெட்டிகளில் பல இந்த முத்திரையைப் பெற்றவை. ஆயிரம் டாலர் துப்பாக்கிப் பெட்டகத்தில் அதைக் காண்பது அரிது. அங்கே நிமிடக் கணக்கு, தயாரிப்பாளர் தானே வகுத்த சோதனையிலிருந்தோ, அவர் சொன்ன நிபந்தனைப்படி வேறொரு கூடம் நடத்திய சோதனையிலிருந்தோ வந்திருக்கும். உலை எவ்வளவு வேகமாகச் சூடேறியது, வெப்பமானியை உள்ளே எந்த உயரத்தில் வைத்தார்கள், ஆறும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தார்களா என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் ஒருவரின் 40 நிமிடத்தையும் மற்றவரின் 60 நிமிடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

பெட்டகக் கதவிலும் யூ.எல். முத்திரை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கும். அது 'யூ.எல். 1037' என்ற வீட்டுப் பாதுகாப்புப் பெட்டி முத்திரை; திருட்டுக்கானது. தீக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தீச்சுவாலை ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்டியிருந்தால், வாங்குபவர் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடுவது இயல்பு. அப்படிப் படிக்கட்டும் என்றுதான் பக்கத்தில் ஒட்டுகிறார்களோ என்று எனக்கு ஐயம் உண்டு.

சிறு பெட்டியின் சுவரும் வேறு விதமானது. பலகையை வெட்டிப் பொருத்துவதற்குப் பதிலாக, ஈரம் பொதிந்த காப்புக் கலவையை ஓட்டுக்குள் ஊற்றி இறுகவைக்கிறார்கள். மூலையில் சந்து கிடையாது. ஆனால் அந்த ஈரமே இதன் தொல்லையும். மூடியே கிடந்தால் உள்ளே பிசுபிசுப்பு ஏறும். அவ்வப்போது திறந்து காற்றாட விடும்படி தயாரிப்பாளர்களே கையேட்டில் சொல்கிறார்கள். பத்திரங்களைக் காற்றுப் புகாத பையில் போட்டு வைக்க வேண்டும். பிஸ்டலை அதில் வைத்தால் தீ வருவதற்கு முன்பே துரு வந்துவிடும். இன்னொன்று, 177 செல்சியஸ் என்பது காகிதத்துக்கான வரம்பு. பழைய ஒளிப்படச் சுருளையும் காந்த நாடாவையும் அது காப்பாற்றாது. அவற்றுக்கு 150, 125 ஃபாரன்ஹீட் என்ற வேறு வகுப்புகள் உண்டு, விலையும் வேறு. பெட்டி சிறியது என்பதால் திருடன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். தீயில் தகட்டு அலமாரி தோற்கும். அதில் விவாதமே இல்லை. அறை முழுக்கப் பற்றினால் கட்டை கருகும், வில்கள் இறுக்கம் இழக்கும், பாலிமர் உருகும். ஜிப்சம் பெட்டகம் அந்த அறையில் சில நிமிடங்களாவது தாக்குப்பிடிக்கும். தீயணைப்பு நிலையம் பக்கத்திலேயே இருக்கும் நகரத்தில் அந்தச் சில நிமிடம் போதுமானதாக அமையலாம். தன்னார்வலர்கள் தத்தம் வீட்டிலிருந்து கிளம்பி வரவேண்டிய கிராமப்புறத்தில் கதை வேறு. இன்றைய நுரை மெத்தைகளும் செயற்கை இழைத் துணிகளும் நிறைந்த கூடம், ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முழுக்கப் பற்றிக்கொள்ளும் என்பதை யூ.எல். நடத்திய ஒப்பீட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பழைய பாணி மர, பருத்திச் சாமான்கள் இருந்த அறைக்கு அரை மணி நேரம் போலப் பிடித்தது. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த காட்டுத்தீ போல வீடே இடிந்து பெட்டகத்தின்மேல் தணலாய்க் கிடக்கும் நிலையில், இந்த விலையில் எந்தப் பெட்டகத்தையும் நம்ப முடியாது. தப்பித்த பெட்டகத்திலும் ஜிப்சம் கக்கிய நீராவி உள்ளேயே அடைந்து நிற்கும். ஆறியதும் தாமதிக்காமல் திறந்து, துடைத்து, எண்ணெய் போடாவிட்டால், தீ விட்டுவைத்ததைத் துரு தின்றுவிடும்.

திருட்டிலும் அலமாரிதான் பின்தங்கும். அலமாரித் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவும், வீட்டுக்கு வருகிற போகிறவர்களின் கைபடாமல் காக்கவும் அது போதும்; கடப்பாரை வைத்திருப்பவனுக்குப் போதாது. பெட்டகமும் பெரிய கோட்டை அல்ல. யூ.எல். 1037இன் முதல் நிலையில் ஒரே ஆள், 18 அங்குலத்துக்கு மிகாத நெம்புகோல், சிறு சுத்தியல் போன்ற கைக்கருவிகளுடன் முயல்வார். ஐந்து நிமிடம் தாங்கினால் தேர்ச்சி. அதே வீட்டு கராஜில் தொங்கும் மூன்றடிக் கடப்பாரையும், பேட்டரியில் ஓடும் கிரைண்டரும் அந்தச் சோதனையில் இல்லை. ஆனாலும் இரண்டையும் தரையில் போல்ட் அடித்து நிறுத்தினால் பெட்டகமே மேல் என்பதில் ஐயமில்லை. நெம்புவதற்கு அதைக் கீழே சாய்க்க வேண்டும். போல்ட் அதைத் தடுக்கும்.

இந்த இடத்தில் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் எச்.ஓ.-3 என்ற வீட்டுக் காப்பீட்டு மாதிரிப் பத்திரத்தில், துப்பாக்கி திருடுபோனால் கிடைப்பதற்கு 2,500 டாலர் என்று தனி உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பு திருட்டுக்கு மட்டும். தீயில் எரிந்தால் மற்ற வீட்டுச் சாமான்களோடு சேர்த்துப் பொது வரம்புக்குள் ஈடு கேட்கலாம். அதாவது துப்பாக்கியைப் பொறுத்தவரை தீ நட்டத்தைக் காப்பீடு ஓரளவு ஏற்கிறது. திருட்டு நட்டத்தில்தான் கையை விரிக்கிறது. ஜிப்சத்துக்குக் கொடுக்கும் பணம் முதலாவதுக்குப் போகிறது, தகட்டுக்குக் கொடுக்கும் பணம் இரண்டாவதுக்கு. கலிஃபோர்னியா மாநிலம் துப்பாக்கிப் பெட்டகத்துக்கு வகுத்த விதிகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. ஒற்றைச் சுவர் என்றால் குறைந்தது 12 கேஜ் தகடு, அரை அங்குலத் தடிமனில் மூன்று கொண்டிகள், பூட்டுக்கு முன்னால் துளையிட முடியாத கடினத் தகடு என்று நீளும் பட்டியலில் தீ நிமிடம் இடம்பெறவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. காகிதங்கள் எந்த வழியிலும் சிறு பெட்டிக்குத்தான் போக வேண்டும். பெட்டகம் வாங்கியவர்கூட அந்தச் சிறு பெட்டியை வாங்கிப் பெட்டகத்துக்குள்ளேயே அடித்தட்டில் வைக்கலாம். தீக்கு இரண்டு சுவர், திருடனுக்கும் இரண்டு பூட்டு. கடையில் எளிதாகத் திரும்ப வாங்கக்கூடிய இரண்டு மூன்று துப்பாக்கிகள் மட்டுமே என்றால் போல்ட் அடித்த அலமாரியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் வீட்டுக்கு அலாரமும் புகை உணரியும் போடலாம். அதற்குமேல் மதிப்பு இருந்தால் பெட்டகம்தான்; ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும்போது சுவாலை ஸ்டிக்கரைக் கையால் மறைத்துக்கொண்டு கேஜ், எடை, 1037 முத்திரை மூன்றையும் பார்க்க வேண்டும். ஒரே விலையில் 40 நிமிடமும் 14 கேஜும் ஒரு பக்கம், 30 நிமிடமும் 12 கேஜும் இன்னொரு பக்கம் என்றால், இரண்டாவதைத் தயங்காமல் எடுக்கலாம்.

இந்தக் கணக்கு ஒரு வகைத் துப்பாக்கிக்குச் செல்லாது. தாத்தா வைத்திருந்த, 1964க்கு முந்தைய வின்செஸ்டர் 94 மாதிரி ஒன்று வீட்டில் இருந்தால் காப்பீட்டுப் பணம் அதற்கு ஈடாகாது. அப்படிப்பட்டவர் நிமிடத்துக்கும் செலவழிக்கத்தான் வேண்டும். அப்போதும் ஸ்டிக்கரை நம்பிப் பணம் கொடுப்பதைவிடப் பலகை எத்தனை அடுக்கு, கூரையிலும் கதவிலும் அதே அடுக்கு உண்டா என்று கேட்டுக் கொடுப்பது மேல். வைக்கும் இடத்துக்குச் செலவே இல்லை: தரைத்தளத்தில், கான்கிரீட் தளத்தின்மேல், வீட்டின் வெளிச்சுவர் மூலையில், சமையலறைக்கும் கராஜுக்கும் தள்ளி. மாடியில் வைத்தால் மரத்தளம் எரிந்து பெட்டகம் கீழே விழும். நிலவறையில் வைத்தால் தீயணைப்பு வண்டி பீய்ச்சிய தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து தேங்கும்.