மதுரைச் சபைகளும் ஒரே பந்தியும்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவது இன்று சாதாரண விஷயம். வாலிபர் குழு என்றால் பிரியாணி, பரோட்டா என்று அமர்க்களப்படும். பில்லைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. மதுரையில் கிறிஸ்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு காலத்தில் வேலையே பறிபோகும் அளவுக்குப் பெரிய பிரச்சினை.

இரண்டு பாதிரியார்கள், இரண்டு சமையல்

1606இல் இத்தாலியைச் சேர்ந்த ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இங்கே இருந்தார். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்து போகும் பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனிப்பதுதான் அவருடைய வேலை. இருவரும் ஒரே இயேசு சபையைச் சேர்ந்தவர்கள். ஆனால் மாமிசம் சாப்பிடும் பறங்கியோடு பழகினால் உயர்ஜாதியார் தன்னிடம் வரமாட்டார்கள் என்று நொபிலி தனி வீடு பார்த்துக்கொண்டார். காவி உடை, பிராமணச் சமையல்காரர், ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு என்று சந்நியாசியாகவே மாறினார். பெர்னாண்டஸ் மனம் நொந்து மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கடைசியில் 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் வழிக்குச் சாதகமாகவே ஆணையிட்டார். ஆக மதுரையில் திருச்சபையின் வரலாறு தொடங்கும்போதே அடுப்பு இரண்டாகிவிட்டது!

சாப்பாடே பரீட்சை

அடுத்த கதை இருநூறு வருடம் கழித்து. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள், பசுமலையில் செமினரி நடத்தினார்கள். சபையில் சேர்ந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றாலும் ஜாதியை விடவில்லை. ஒன்றாக ஜெபிப்பார்கள், ஆனால் ஒன்றாகச் சாப்பிடமாட்டார்கள். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833லேயே ஆங்கிலிக்கன் சபைகளில் ஜாதியை விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். மதுரை மிஷன் 1847இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஜாதியை விட்டதற்கு அடையாளம், எந்த ஜாதிக்காரர் சமைத்தாலும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று சொல்லிவிட்டது.

விளைவு? எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் திருவிருந்திலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் மிஷனிடம் சம்பளம் வாங்கிய உபதேசியார்களும் பலர். யோசித்துப் பாருங்கள், ஒரு வாய்ச் சோற்றுக்காக வேலையையும் சபையையும் இழக்கத் துணிந்திருக்கிறார்கள். ஜாதி அவ்வளவு ஆழத்தில் இருந்தது. இன்னொரு பக்கமும் உண்டு. பரீட்சை வைத்தவர்கள் சம்பளம் கொடுக்கும் வெள்ளைக்காரர்கள். பயத்தில் சாப்பிட்டவர் வீட்டுக்குப் போனதும் மாறிவிடுவாரா?

ஹோட்டலும் சும்மா கிடைக்கவில்லை

ஹோட்டலில் எல்லோரும் சமம்தானே என்று நினைக்க வேண்டாம். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் 1941 வரை இருந்தது. போராட்டம் நடத்தித்தான் அதை எடுக்க வைத்தார்கள். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு, ஜாதியைக் காரணம் காட்டி ஹோட்டலில் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் 1957இல் சென்னை முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இன்னும் பல வருடங்கள் நீடித்தது.

ஒரே உலை

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்றால்தான் பலருக்குத் தெரியும். நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்களை உருவாக்கியவர், 2005இல் காலமானார். அவர் பேசியது 'ஒரே உலை'. கிராமத்தில் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டால் தனி உலை வைத்துவிட்டார்கள் என்போம். ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட்டால்தான் ஒரே குடும்பம். திருவிருந்துக்கும் அதுதான் அர்த்தம் என்றார் பரட்டை. 1847இல் துரைமார் மேலிருந்து உத்தரவாகச் சொன்னதை இவர் ஜனங்களுடைய அடுப்படியிலிருந்தே எடுத்துச் சொன்னார். அதனால்தான் அது பாட்டாகவும் ஆனது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குத் திரும்புவோம். அங்கே சமைத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பிரச்சினை இல்லை. இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் ஹோட்டல் மேசை யாருடைய வீடும் இல்லை. காசு கொடுத்தால் எல்லோருக்கும் இலை விழும். ஹோட்டலில் சேர்ந்து சாப்பிடும் அதே நண்பர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறார்களா? கல்யாணப் பேச்சு வந்தால் பழைய கணக்கு திரும்ப வருகிறதா? 1847இல் வைத்த பரீட்சை அந்த இடத்தில்தான் இன்னும் பாக்கி இருக்கிறது.