அந்தக் கதிரையை யார் போட்டது?

"உன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்." கொழும்பில் வளர்ந்த எங்கள் யாருக்கும் இந்த வசனம் புதுசில்லை. வகுப்பில், வேனில், கிரிக்கெட் விளையாடும்போது எல்லாம் கேட்டிருக்கிறோம், நாங்களும் சொல்லியிருக்கிறோம். ஒரு ஆஸ்பத்திரியின் ஊர்ப் பெயர் பகிடியாகி, பிறகு பயமாகியும் விட்டது. அதனால்தான் நண்பர் ஒருவர் "உளவளத்துணையாளரிட்ட போகலாமா எண்டு யோசிக்கிறன்" என்று சொன்னால், குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்.

இங்கே இரண்டு வரலாறுகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் முதல் நாள் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறோம்.

முதலாவது, அடைத்து வைத்த வரலாறு. ஆங்கிலேயர் 1873இல் இலங்கையில் ஒரு பைத்தியச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஒருவரைப் பிடித்து, நீதிமன்றம் ஊடாக விடுதியில் வைப்பதற்கான வழிமுறைதான் அதில் முக்கியம். அந்த நபர் என்ன சொல்ல விரும்புகிறார் என்பது அதன் கவலை இல்லை. 1920களில் அங்கொடையில் பெரிய மனநோய் மருத்துவமனை வந்தது. இன்று அது தேசிய மனநல நிறுவனம். சிகிச்சை எவ்வளவோ மாறிவிட்டது, பெயரில் ஒட்டிய பயம் மட்டும் போகவில்லை.

இரண்டாவது, கதைக்கிற வரலாறு. இது தொடங்கியது வேறு இடத்தில். 1880இல் வியன்னாவில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற 21 வயதுப் பெண்ணுக்கு டொக்டர் யோசப் பிராயர் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்லத் தனக்கு இலேசாவதைக் கவனித்து, அதற்குப் 'பேச்சுச் சிகிச்சை' என்று பெயர் வைத்தது டொக்டர் இல்லை, அந்தப் பெண்தான். அவர் உடனே குணமாகவில்லை, அதற்குப் பிறகும் மருத்துவமனைகளில் இருந்தார். ஆனால் 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்களின் சங்கத்தைத் தொடங்கி நடத்தியவரும் அவரேதான்.

பிராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட நூலில் இன்னொரு பெண் வருகிறார். ஃப்ராய்ட் கேள்விக்கு மேல் கேள்வி கேட்க, சும்மா துருவாமல் தான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள் என்று அவர் எரிச்சலோடு சொல்லிவிட்டார். ஃப்ராய்டும் விட்டுக்கொடுத்தார். சிகிச்சையாளர் வாயை மூடிக்கொண்டு கேட்கும் பழக்கத்துக்கு இப்படியும் ஒரு தொடக்கம் இருக்கிறது. ஃப்ராய்டின் பிரபலமான சாய்வுக் கட்டில்கூட ஒரு நோயாளி கொடுத்த பரிசு.

ஆகவே அந்த அறையைக் கட்டியதில் பாதிப் பங்கு, உள்ளே போய்க் கதைத்தவர்களுடையது.

சரி, இன்று முதல் நாள் போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும் கட்டில் இருக்காது, எதிரெதிராக இரண்டு கதிரை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1940களில் 'நோயாளி' என்ற சொல்லையே விட்டு, சமமாக இருந்து கதைக்கும் முறையைப் பரப்பினார். நேரம் 45 முதல் 50 நிமிடம் வரை. முதல் சந்திப்பில் கேள்விகள் கூடுதலாக இருக்கும்: ஏன் இப்போது வந்தீர்கள், தூக்கம், சாப்பாடு, வீடு, படிப்பு எப்படி. சாக வேண்டும் என்று தோன்றியதா என்றும் கேட்பார்கள். அது குற்றவாளியிடம் கேட்கிற கேள்வி இல்லை. இலங்கையில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டமும் 1998இல் நீங்கிவிட்டது.

சொல்வது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது முக்கியமான விதிவிலக்கு. இதை முதலிலேயே அவர்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். சிலர் வீட்டுக்குப் பயிற்சி தருவார்கள். 1960களில் ஏரன் பெக் உருவாக்கிய முறையில் எண்ணங்களை எழுதி வந்து சரிபார்ப்பது ஒரு முக்கிய பகுதி. ஒரே நாளில் ஒன்றும் மாறாது, முதல் சில தடவை மனம் இன்னும் பாரமாகக்கூட இருக்கலாம். நாலைந்து தடவை போயும் அந்த ஆளோடு ஒத்துவரவில்லை என்றால் அதைச் சொல்லலாம், ஆளை மாற்றலாம்.

ஆனால் களுபோவிலயிலோ வெள்ளவத்தையிலோ இருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. எந்த மொழியில் கதைப்பது? களுபோவில போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரச மருத்துவம் இலவசம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் பலருக்கு. ஆனாலும் எந்த இடமாக இருந்தாலும், கடையில் சாமான் வாங்கப் போதுமான சிங்களம் அழுகையைச் சொல்லப் போதாது. மொழிபெயர்க்க அம்மாவைக் கூட்டிப் போனால், அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது?

இதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரிந்திரசேகர் போஸ் வங்காளியிலும் எழுதினார். இங்குள்ளவர்களின் மனம் வியன்னா மனத்தின் அச்சு அல்ல என்று ஃப்ராய்டுக்கே கடிதம் போட்டார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் 'சாந்திகம்' போன்ற அமைப்புகளும், பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மருத்துவர்களும் தமிழ் மக்களோடு அவர்கள் மொழியிலேயே இந்த வேலையைச் செய்தார்கள். உளவளத்துணை, சீர்மியம் என்று எங்களிடம் சொற்கள் இருக்கின்றன. வடக்கில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே முடிந்தது கொழும்பில் ஏன் கஷ்டமாக இருக்க வேண்டும்? 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

எனவே நேரம் பதியும்போதே "தமிழில கதைக்கிற ஆள் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், வீட்டு ஆள் இல்லாத மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். அதுவரை தனியே தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. 1974இலிருந்து கொழும்பில் இயங்கும் சுமித்ரயோவும் இருக்கிறது. அங்கே சிகிச்சை இல்லை, ஆனால் தீர்ப்புச் சொல்லாமல் கேட்க ஒரு ஆள் இருப்பார்.

அப்படிக் கேட்பது தொந்தரவு கொடுப்பது ஆகாது. வியன்னாவில் அந்தப் பெண் "என்னைச் சொல்ல விடுங்கள்" என்று கேட்டதால்தான், இன்று உங்களுக்கு முன்னால் இருப்பவர் பேசாமல் காத்திருக்கிறார். நீங்கள் தமிழில் கேட்டால், உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளை கேட்காமலே தமிழில் தொடங்கலாம்.