நீருள் நிற்கும் பலகை

பாய் கட்டிய பலகையில் நின்று கடலில் விரையும் போட்டியைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி சில காலத்திற்கு முன் நமக்கு வாய்த்தது. நாம் இருப்பதோ தில்லி ஜனக்புரி; கடற்காற்று எட்டாத இடம். பாய், பாய்மரம், கயிறு என்பவை தடையின்றித் தமிழாயின. பலகையின் அடியில், பின்புறத்தே, மீனின் உறுப்புப் போல் நீருள் இறங்கி நிற்கும் தகட்டிற்கு வந்தபோது எழுதுகோல் நின்றுவிட்டது. அகராதி 'துடுப்பு' என்றது. துடுப்பு என்றதும் கையாற்பிடித்து வலிக்கும் துடுப்பையன்றோ தமிழர் நினைப்பர்? ஆகவே 'செட்டை' என்று பென்சிலால் எழுதி வைத்தோம். எழுதிய பின்னும் மனம் அடங்கவில்லை. இத்தகைய பொருள் நம் கடலோரத்தாருக்குப் புதியதா, பழையதா என்னும் வினா எழுந்தது.

பாய்க்கலம் எதுவாயினும் அதற்கு ஒரு தொல்லை உண்டு. காற்று பின்னிருந்து வீசினால் இடரில்லை. பக்கத்திலிருந்து வீசினாலோ, பாய் கலத்தை முன்னே இழுப்பதோடு பக்கவாட்டிலும் தள்ளும். அத்தள்ளலைத் தடுக்க நீருக்குள் ஏதேனும் ஒன்று நிற்க வேண்டும். ஆழ்ந்த அடியுடைய கப்பலுக்கு அதன் உடலே போதும். தட்டையான அடியுடைய கலம் நீரின்மேல் சறுக்கிக் காற்றின் போக்கிலே போய்விடும்.

நம் கட்டுமரம் அத்தகைய தட்டைக் கலமே. இலேசான மரத்துண்டுகள் சிலவற்றை வடித்து அடுக்கிக் கயிற்றால் பிணைத்தது. கரை சேர்ந்ததும் பிணைப்பை அவிழ்த்து மரங்களை உலர வைப்பது வழக்கம். சோழமண்டலக் கரையின் பேரலைகளைக் கடந்து ஏற அதுவே ஏற்றது. ஆழ்ந்த அடியுடைய படகு அவ்வலைகளிடையே தரை தட்டிக் கவிழும். 1690-இல் சென்னைக் கோட்டைக்கு வந்த வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, 1697-இல் வெளியிட்ட தம் பயணநூலில் இம்மரங்களைத் தமிழ்ப்பெயராலேயே குறிப்பிட்டார். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் கட்டுமர வகைகளை ஆராய்ந்தார். கோலா மீன் பிடிக்க ஆழ்கடல் செல்லும் பெரிய கோலாமரம் அவ்வகைகளுள் ஒன்று.

பாய் விரித்துச் செல்லும்போது இம்மரத்தார், காற்று ஒதுங்கும் பக்கத்தில் ஒரு பலகையைச் செங்குத்தாக நீருள் இறக்கினர். அந்த ஒரு பலகையால் சறுக்கல் அடங்கியது. காற்று பின்புறம் திரும்பினால் அதற்கு வேலையில்லை, மேலே எடுத்துவிடலாம். கரையலையில் ஏறுமுன் எடுத்தே ஆகவேண்டும். எவ்வளவு இறக்குவது, எப்போது எடுப்பது என்பவற்றைக் கடலின் நடுவே கைதான் முடிவு செய்தது.

இதனை உலகில் முதலில் கண்டவர் தமிழரே என்று பறையறைய நாம் விரும்பவில்லை. டச்சுக்காரர் தம் தட்டைப் படகுகளின் இருபக்கமும் இத்தகைய பலகைகளைத் தொங்கவிட்டனர். தென்னமெரிக்காவில் குவாயாகில் துறையின் பால்சா மரத் தெப்பங்களை, ஹுவான், உல்லோவா என்னும் இரு ஸ்பானியர் 1748-இல் வெளிவந்த தம் நூலில் வருணித்தனர். அத்தெப்பத்தார் 'குவாரா' எனப்படும் பலகைகளை மரங்களின் இடுக்கில் முன்னும் பின்னும் செருகினர். முன்பலகையை இறக்கினால் தெப்பம் காற்றை நோக்கித் திரும்பும். பின்பலகையை இறக்கினால் காற்றை விட்டு விலகும். சுக்கான் இல்லாமலே திசை மாற்றிய இவ்வித்தையில் கப்பற்கலையின் நுண்பகுதி ஒன்று முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த ஜான் ஷாங்க் 1774-இல் பாஸ்டன் நகரில் அடிப்பலகை ஏறி இறங்கும் படகொன்றைக் கட்டினார். அவர் முறைப்படி மூன்று பலகைகளுடன் அமைந்த 'லேடி நெல்சன்' என்னும் சிறுகப்பல் 1800-இல் ஆஸ்திரேலியாவை அடைந்தது.

இனி விளையாட்டுப் பலகைக்கு வருவோம். அமெரிக்காவின் நியூமன் டார்பி தாம் அமைத்த பாய்ப்பலகையைப் பற்றி 1965-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். பாய்மரம் எப்பக்கமும் சாயுமாறு மூட்டு அமைத்த பலகைக்கு, ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்னும் கலிபோர்னியர் இருவர் 1968-இல் காப்புரிமை கோரி 1970-இல் பெற்றனர். அப்பலகையின் நடுவிலும் இறக்கும் பலகை ஒன்று இருந்தது. வேகம் மிகுந்தால் அதுவே பகையாகிக் கலத்தை ஒருக்களித்துத் தூக்கும். ஆகவே ஓட்டுவோர் ஓடும்போதே அதை உருவி, வாரால் கையில் மாட்டிக்கொண்டு விரைந்தனர்! கட்டுமரத்தார் செய்ததும் இதுவன்றோ? 1970-களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுகளில் குறும்பலகைகள் வந்தபோது நடுப்பலகையே நீங்கிற்று. பின்புறச் செட்டை ஒன்றே முழுச்சுமையையும் ஏற்றது.

அதனால் செட்டையைத் தேர்வது பெருங்கலையாயிற்று. காற்று மெலிந்து பாய் பெரிதாயின் நீண்ட செட்டை வேண்டும். காற்று வலுத்தால் குறுகியது. நீண்டது மிகு வேகத்தில் பலகையைப் புரட்டப் பார்க்கும். குறுகியது போதாவிடின் நீரின் பிடி திடீரென விட்டுப் பலகையின் பின்புறம் பக்கவாட்டில் வழுக்கிவிடும். கடற்பாசி மிக்க இடத்திற்குப் பின்னோக்கிச் சாய்ந்த செட்டை ஏற்றது. பாய்மரத்தின் அடியைச் சற்று முன்னே நகர்த்தினால் பலகையின் முன்முனை அமிழ்ந்து அடங்கி ஓடும். பின்னே நகர்த்தினால் எழும்பி விரையும், அடக்குவதோ அரிது. ஓரங்குலம் முன்பின் ஆனாலும் வேற்றுமை தெரியும். செட்டைக்கு மட்டும் ஒரு குறை உண்டு: கரையிலேயே பொருத்திவிட வேண்டும். புறப்பட்டபின் காற்று மாறினால் மாற்ற வழியில்லை. நண்பகலுக்குப்பின் கடற்காற்று ஓங்கும் சென்னை போன்ற கரையில், முற்பகற் காற்றை நம்பித் தேர்ந்தவன் பிற்பகலில் வருந்துவான்.

ஒலிம்பிக்கில் இப்பந்தயம் 1984-இல் இடம்பெற்றது. அங்கே யாவர்க்கும் ஒரே வகைப் பலகை என்பது விதி. செட்டையைத் தேரும் உரிமை அதனால் சுருங்கிற்று. 2008 முதல் டோக்கியோ ஒலிம்பிக் வரை ஆர்.எஸ்.எக்ஸ். என்னும் பலகை நின்றது. அதில் நடுப்பலகை இருந்தது; காலால் மடக்கவும் இறக்கவும் ஆகும். அவ்வகைப் பலகையில்தான் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டின் ஈபாத் அலி வெண்கலம் வென்றார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், நீருள் இறக்கை விரித்துப் பலகையையே நீர்மட்டத்திற்கு மேல் தூக்கும் புதுவகை வந்துவிட்டது.

நம் கரையிலோ கட்டுமரங்கள் அருகிவிட்டன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் பெருகின. இயந்திரம் தள்ளும் படகுக்குப் பக்கப்பலகை எதற்கு? மீனவர் உழைப்பு குறைந்ததை நாம் குறைகூறோம். ஆயினும் கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலம் ஏறி, இரட்டையுடல் படகுகளுக்குப் பெயராகி உலகெங்கும் வழங்க, அம்மரத்தை நேர்நிறுத்திய பலகையின் பெயரை நம் மேசையிலுள்ள அகராதிகளில் தேடியும் காணோம். பாய்க்காலத்தில் கடல் சென்ற முதியோர் கடலோரக் குப்பங்களில் இன்றும் இருக்கின்றனர். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது அவர்களைக் கேட்பதாயிருக்கிறோம். நம் குறிப்பில் 'செட்டை' அதுவரை பென்சிலிலேயே இருக்கும்.