அடுத்தவர் விட்ட புகை

1604ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் கூறும் மருத்துவக் காரணங்களுள் பல இன்று நமக்குச் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் போகிற போக்கில் ஒரு கேள்வியும் எழுப்புகிறார். புகைக்கும் கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் கதி என்ன? ஒன்று, அவளும் புகைத்துத் தன் மூச்சைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது ஆயுள் முழுவதும் அந்த நாற்றத்தில் கிடந்து உழல வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நேர்வது வெறும் நாற்றத் தொல்லை மட்டுந்தானா? இதை எண்ணிக்கையில் வைத்து நிறுத்துப் பார்க்க ஏறத்தாழ 380 ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையே பொது இடத்தில் புகைக்கத் தடை இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் வேறு. பெர்லின் நகரத் தெருக்களில் 1848 வரை புகைப்பது குற்றம். தீப்பிடிக்கும் என்ற அச்சமும், அது ஒழுங்கீனம் என்ற எண்ணமுமே காரணம். அவ்வாண்டு மார்ச் மாதப் புரட்சியின்போது மக்கள் கேட்டுப் பெற்ற உரிமைகளுள் தெருவில் புகைக்கும் உரிமையும் ஒன்று! பிரிட்டனில் 1868ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம் எதிர்த்திசையிலேயே சென்றது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் கொண்ட ரயில்களில் புகைப்போருக்குத் தனி அறை ஒதுக்கித் தரவேண்டும் என்று அது கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. சட்டம் புகைப்பவரின் சௌகரியத்தைக் கருதியதேயன்றி, எதிரே அமர்ந்திருப்பவரின் நுரையீரலைக் கருதவில்லை.

1950இல் பிரிட்டனில் டால், ஹில் ஆகிய இருவரும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதை உறுதி செய்தது. அப்போதும் பொது இடத் தடைக்கு வலிமையான வாதம் கிடைக்கவில்லை. ‘என் உடல், என் காசு, கெட்டால் நான்தானே கெடுகிறேன்?’ என்று புகைப்பவர் கேட்டால், சுதந்திரத்தை மதிக்கும் எந்தச் சமுதாயமும் அதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. வளர்ந்த மனிதன் தனக்குத் தானே செய்துகொள்ளும் தீங்கைத் தடுப்பது அரசின் வேலையா என்பது நியாயமான ஐயமே. பிறருக்குத் தீங்கு உண்டு என்று காட்டினால்தான் வழக்கு மாறும்.

1970களில் அமெரிக்காவில் முதல் அடிகள் வைக்கப்பட்டன. 1973இல் அரிசோனா மாநிலம் சில பொது இடங்களில் புகைப்பதைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில் விமானங்களில் புகைக்காதோருக்குத் தனி வரிசைகள் ஒதுக்க உத்தரவாயிற்று. தனி வரிசை என்றால் என்ன? பதினைந்தாம் வரிசையில் எழும் புகை பதினான்காம் வரிசையில் எல்லைக்கோடு பார்த்து நின்றுவிடுமா?

1976இல் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. டெலிபோன் கம்பெனி ஒன்றில் பணிபுரிந்த பெண் ஒருவருக்குச் சிகரெட் புகை ஒத்துக்கொள்ளவில்லை. தம் அலுவலகத்தில் புகைப்பதைத் தடுக்கவேண்டும் என்று அவர் நீதிமன்றம் சென்றார். விசாரணையில் ஒரு சுவையான செய்தி வெளிப்பட்டது. இணைப்புகளை மாற்றித் தரும் நுட்பமான கருவிகள் கெட்டுவிடும் என்பதற்காக, அவற்றின் அருகில் புகைக்கக் கூடாது என்று அக்கம்பெனி ஏற்கெனவே விதி வைத்திருந்தது. இயந்திரத்துக்குக் காட்டும் அக்கறையை மனிதருக்கும் காட்ட வேண்டாமா என்று கேட்டு, நீதிபதி அப்பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

ஒருவர் சிகரெட்டை இழுக்கும்போது அவர் வாய்க்குள் செல்வது ஒரு புகை. இரண்டு இழுப்புகளுக்கு இடையே, விரலிடுக்கில் கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து எழுவது மற்றொரு புகை. அறையில் சேரும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையே. இழுக்கும்போது காற்று வேகமாகப் பாய்வதால் நுனி சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி எரிகிறது. சும்மா கனலும்போது வெப்பம் குறைவு, காற்றும் குறைவு, எரிதல் அரைகுறையாகிறது. அதனால் கார்பன் மோனாக்சைடும், நைட்ரோசமீன் போன்ற சில புற்றுநோய்ப் பொருள்களும் கனலும் புகையில், புகைப்பவர் இழுக்கும் புகையைவிட மிகுதியாக உண்டாகின்றன. அவை அறைக்காற்றில் கலந்து நீர்த்துவிடுகின்றன என்பது மெய்யே. அப்படி நீர்த்துப்போன பின்னும் ஒரு மனித உயிரை எடுக்கும் அளவுக்கு நஞ்சு எஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. இதைச் சோதனைச்சாலையில் தீர்க்க முடியாது.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. டோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் மைய ஆராய்ச்சி நிலையத்தில் நோய்ப் பரவல் ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்தவர் தகேஷி ஹிரயாமா. 1965இல் ஜப்பானின் 6 மாநிலங்களில், 29 சுகாதார மையங்களின் எல்லைக்குள் வாழ்ந்த 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அவர்களுடைய பழக்கவழக்கங்கள் விசாரிக்கப்பட்டன. மொத்தம் 2,65,118 பேர். பின்னர் 14 ஆண்டுகள், அவர்களுள் யார் எந்நோயால் இறந்தனர் என்று இறப்புப் பதிவுகளைக் கொண்டு கணக்கெடுத்து வந்தனர்.

இந்தக் குவியலில் ஹிரயாமா ஒரு தனிக்கூட்டத்தைப் பிரித்தெடுத்தார். தாம் புகைக்காத, ஆனால் கணவரின் பழக்கம் இன்னதென்று தெரிந்த மனைவியர் 91,540 பேர். அக்கால ஜப்பானில் ஆண்களிடையே புகைப்பழக்கம் மிகப் பரவியிருந்தது. பெண்களிடையே மிகக் குறைவு. தம் வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாமல், நாள்தோறும் அதன் புகையிலேயே வாழ்ந்த ஆயிரக்கணக்கான பெண்களை இப்படி ஒருசேரக் காண்பது வேறு நாடுகளில் எளிதாக இருந்திருக்காது.

இவர்களுள் 174 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தனர். கணவர் புகைக்காத வீடுகளில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 8.7 இறப்புகள். கணவர் நாளுக்கு 19 சிகரெட் வரை புகைத்த வீடுகளிலும், முன்பு புகைத்துப் பின் விட்டுவிட்ட வீடுகளிலும் 14.0. இருபதும் அதற்கு மேலும் புகைத்த வீடுகளில் 18.1. கணவரின் சிகரெட் எண்ணிக்கை ஏற ஏற, மனைவியின் இறப்பு விகிதமும் படிப்படியாக ஏறுகிறது! வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். புகைக்கும் கணவர்களின் வீடுகளில் வறுமையோ, உணவுக் குறைவோ, வேறு ஏதேனும் கேடோ இருந்து அதுவே காரணமாயிருந்தால், மற்ற நோய்களும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? இரைப்பைப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் அவ்வாறு கூடவில்லை. 1981 ஜனவரி 17ஆம் தேதி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. அதே மாதத்தில் ஏதென்ஸ் நகரிலிருந்தும் இதே திசையில் ஓர் ஆய்வு வந்தது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. அதில் நேர்மையான பகுதியும் உண்டு. ‘புகைக்காதவள்’ என்று சொன்ன பெண்களுள் மறைவாகப் புகைத்தவர்கள் இருக்கலாம் என்றனர் சிலர். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் கணக்குகளைக் கொண்டு அதே ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், உயர்வு மிகச் சிறிதாகவே தெரிந்தது. தற்செயல் அல்ல என்று அறுதியிட முடியவில்லை. இவையெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகளே. இன்னொரு பகுதி வேறு வகையைச் சேர்ந்தது. பெயர் பெற்ற புள்ளியியலார் ஒருவர் ஹிரயாமாவின் கணக்கில் பிழை இருக்கிறது என்று ஐயம் தெரிவித்ததும், அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் பொது அமைப்பான புகையிலைக் கழகம் அதைப் பத்திரிகைகளில் பெரிய விளம்பரங்களாக வெளியிட்டது. கணக்கில் பிழை இல்லை என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் திருத்தத்தை யார் முழுப்பக்க விளம்பரமாகப் போடுவார்கள்?

இதைவிடக் கசப்பான செய்தி 1990களில், வழக்குகளின் வழியாகக் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது. 1981 ஜூலையில் பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் கம்பெனியின் வழக்கறிஞர் எழுதிய குறிப்பு அவற்றுள் ஒன்று. ஜெர்மன் புகையிலைத் தொழிலைச் சார்ந்த அறிவியலார் ஹிரயாமாவின் முடிவு சரியானதே என்று கருதுகின்றனர். புகையிலைக் கழகமும் அதை அறிந்துகொண்டேதான் மறுப்பு வெளியிட்டது என்று அவர்கள் தரப்பில் சொல்லப்படுகிறது என்பது அதன் சாரம். கம்பெனிகளுக்கு இவ்வளவு அச்சம் ஏன்? 1978இல் அவற்றுக்காக நடத்தப்பட்ட மக்கள் கருத்துக் கணிப்பே காரணத்தைச் சொல்லியிருந்தது: அடுத்தவர் புகையும் தீங்கு என்று மக்கள் நம்பத் தொடங்குவதே இத்தொழிலுக்கு வந்துள்ள ஆபத்துகளில் மிகப் பெரிது.

பின்னர் ஆய்வுகள் குவிந்தன. 1986இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டார். ஒரே காற்று உலவும் இடத்துக்குள் புகைப்போரையும் மற்றவரையும் பிரித்து உட்கார வைப்பது தொல்லையைக் குறைக்கலாம், ஒழிக்காது என்று அது கூறியது. விமான வரிசைகளின் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முழுதாக முடிய 2000ஆம் ஆண்டாயிற்று. 1993இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை, பிறர் புகையால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கின்றனர் என்று மதிப்பிட்டது. வழக்கமான 95 விழுக்காட்டு அளவுகோலை விட்டு 90 விழுக்காட்டை அத்துறை பயன்படுத்தியது ஏன் என்று கம்பெனிகள் வழக்காடின. 1998இல் ஒரு நீதிபதி அவ்வறிக்கையின் முக்கியப் பகுதிகள் செல்லாவென்றார்; 2002இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அதே 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பிறர் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று முடிவு கட்டியது.

ஹிரயாமா கண்ட இரு மடங்கு என்ற அளவு அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், புகைப்பவருடன் வாழ்வோருக்கு நுரையீரல் புற்றுநோய் இடர் 20 முதல் 30 விழுக்காடு வரை கூடுகிறது. தனி ஒருவருக்கு இது சிறிய அளவுதான். ஆனால் மாரடைப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. மாரடைப்போ எங்கும் மலிந்த நோய். சிறிய விகிதம் பெரிய எண்ணிக்கையாவது இவ்வாறுதான். இன்று உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புகைக்காதோர் பிறர் புகையால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

2004 மார்ச் 29ஆம் தேதி அயர்லாந்து, மதுக்கடைகள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் தடை விதித்தது. வாடிக்கையாளருக்காக அல்ல, அங்கே எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பணியாளருக்காக என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. தடைக்கு முன்னும் பின்னும் புகைக்காத பணியாளரின் உமிழ்நீரைச் சோதித்தபோது, நிகோடின் உடலுக்குள் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருள் 80 விழுக்காடு குறைந்திருந்தது.

நம் நாட்டில் வழி திறந்தது கேரளத்தில். 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது தண்டனைச் சட்டம் கூறும் பொதுத் தொல்லை என்றும், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்றும் தீர்ப்பளித்தது. அந்த அமர்வின் நீதிபதிகளுள் ஒருவர் தேவகோட்டையைச் சேர்ந்த ஏ.ஆர். லட்சுமணன். 2001 நவம்பர் 2ஆம் தேதி உச்சநீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பஸ், ரயில் முதலியவற்றில் நாடு முழுவதும் தடை விதித்தது. 2003இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2008 அக்டோபர் 2 முதல், 200 ரூபாய் வரை அபராதத்துடன் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. முப்பது பேரோ அதற்கு மேலோ அமரக்கூடிய உணவு விடுதிகளும், முப்பது அறைகளோ அதற்கு மேலோ கொண்ட தங்கும் விடுதிகளும், விமான நிலையங்களும் புகைக்கத் தனியிடம் ஒதுக்கலாம் என்றொரு சலுகையும் அதில் இருந்தது. கூப்பின் அறிக்கையைப் படித்தவர்களுக்கு இச்சலுகை வியப்பாகவே இருக்கும்.

ஹிரயாமாவின் கணக்கில் வந்த பெண்களுள் புகைப்பவரின் மனைவியர் அந்தப் புகையைச் சுவாசித்தது ரயிலிலோ விடுதியிலோ அல்ல, தம் சொந்த வீட்டில். அவர்களைக் கொண்டு கிடைத்த சான்று அலுவலகங்களையும் விமானங்களையும் தூய்மையாக்கியது. வீடு எந்தச் சட்டத்திலும் பொது இடம் இல்லை. இந்தியாவில் 2009-10இல் நடந்த கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் 52.3 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆட்பட்டிருந்தனர். 2016-17இல் அது 38.7 விழுக்காடாகக் குறைந்திருந்தது.