மன்னன் வேண்டா என்ற மக்கள்
(ரோமின் ஆட்சியில் யூதேயா: கி.மு. 63 – கி.பி. 6)

கிறித்துவ சமயம் தோன்றுவதற்கு முந்திய யூதர் வரலாறு என்றவுடன், கோயிலும் வேதமும் தீர்க்கதரிசிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் அச்சமயம் பிறந்த மண்ணில், அதற்கு முன் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், அரியணைக்காக ஒரு நெடிய போராட்டம் நிகழ்ந்தது. அதில் ஈடுபட்ட மன்னரையும் தளபதியரையும் வரலாறு பெயர் சொல்லிப் போற்றுகிறது, பழிக்கவும் செய்கிறது. அவர்களுக்கிடையே ஒலித்த மக்கள் குரலோ பெயரற்றது. அக்குரல் என்ன கேட்டது, அதற்குக் கிடைத்தது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நட்பு நாடிய காலம்

ரோமை யூதர் முதன்முதலில் அறிந்தது பகையாக அன்று, நட்பாகவே. சிரியாவை ஆண்ட கிரேக்க மரபினனான நான்காம் அந்தியோக்கஸ் யூத சமய ஒழுக்கங்களைத் தடைசெய்தபோது, மக்கபேயர் என்னும் குரு குடும்பத்தார் படைதிரட்டிப் போரிட்டனர். கி.மு. 164இல் எருசலேம் கோயிலை மீட்டுத் தூய்மை செய்தனர். வல்லரசின் பகையைத் தாங்க இன்னொரு வல்லரசின் துணை வேண்டும் எனக் கருதிய யூதா மக்கபே, கி.மு. 161இல் ரோமுக்குத் தூதர் இருவரை அனுப்பி உடன்படிக்கை செய்துகொண்டான்.

விடுதலைக்குப் போராடிய குடும்பம் நாளடைவில் அரச குடும்பமாயிற்று. குருத்துவமும் ஆட்சியும் ஒரே கையில் சேர்ந்தன. பின்வந்தோர் மன்னர் என்ற பட்டத்தையும் சூடிக்கொண்டனர். அண்டை நாடான இதுமேயாவை வென்று, அம்மக்களை யூத சமயத்தைத் தழுவுமாறு கட்டாயப்படுத்தினர். சமயக் கொடுமையை எதிர்த்து எழுந்தவர்களின் வழித்தோன்றல்களே பிறர்மீது சமயத்தைத் திணித்தனர்.

தமஸ்குவில் மூன்று தூதுக்குழுக்கள்

கி.மு. 67இல் அரசி சலோமி அலெக்சாந்திரா மறைந்ததும், அவளுடைய மைந்தர் இருவரும் அரியணைக்காக மோதினர். மூத்தவனான ஹிர்க்கானஸ் தலைமைக் குரு, அமைதியை விரும்புபவன். இளையவனான அரிஸ்டோபுலஸ் வேகமும் துணிவும் மிக்கவன். மூத்தவன் தோற்று ஒதுங்க முற்பட்டான். ஆனால் இதுமேயனான அந்திப்பாத்தர் என்னும் சூழ்ச்சித்திறம் வாய்ந்த அமைச்சன் அவனை ஒதுங்க விடவில்லை.

அவ்வேளை ரோமானியத் தளபதி பாம்ப்பி கிழக்கு நாடுகளை வென்று தமஸ்கு நகரில் தங்கியிருந்தான். கி.மு. 63இல் இரு சகோதரரும் அவன்முன் வழக்குரைக்கச் சென்றனர். இளையவன் ஐந்நூறு தாலந்து மதிப்புள்ள பொற்கொடிமுந்திரி ஒன்றை அவனுக்குக் கையுறையாக அளித்திருந்தான். இவ்விருவரோடு மூன்றாவதாக ஒரு குழுவும் அங்கு வந்தது. அது மக்களின் சார்பில் வந்த குழு. ‘இறைவனின் குருமாருக்குக் கீழ்ப்படிவதே எங்கள் மரபு. இவ்விருவரும் அம்மரபை மாற்றி எங்களை அடிமைகளாக்கப் பார்க்கின்றனர். எங்களுக்கு மன்னனே வேண்டா’ என்பது அதன் முறையீடு. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் இச்செய்தியைக் குறித்து வைத்துள்ளார். அதைக் கொண்டுவந்தவர் எவர் என்பதை அவர் சொல்லவில்லை.

இரு பூனைகளுக்கு அப்பம் பங்கிட வந்த குரங்கின் கதையை நம் குழந்தைகளும் அறிவர். பாம்ப்பியின் தீர்ப்பும் அவ்வாறே முடிந்தது. அரிஸ்டோபுலஸ் சிறைப்பட்டான். ஹிர்க்கானஸ் கட்சியினர் எருசலேமின் வாயிலைத் திறந்துவிட்டனர். எதிர்க்கட்சியினர் கோயிலுக்குள் புகுந்து மூன்று திங்கள் தாக்குப்பிடித்தனர். ஓய்வுநாளில் தம்மைத் தாக்கினால் மட்டுமே யூதர் போரிடுவர் என்பதை அறிந்த ரோமானியர், அந்நாள்களில் தாக்காமல் மண்மேடுகளை மட்டும் எழுப்பிக்கொண்டனர். மதில் வீழ்ந்தபோது பலிபீடத்தின் அருகே கடமையை விடாது நின்ற குருமார் அங்கேயே வெட்டுண்டனர். மாண்டோர் பன்னீராயிரவர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த தம் இனத்தார் கையாலேயே மடிந்தனர் என்றும் ஜோசிபஸ் எழுதுகிறார்.

தலைமைக் குரு ஆண்டுக்கொருமுறை மட்டுமே நுழையும் கருவறைக்குள் பாம்ப்பி நுழைந்தான். அங்கே சிலை எதுவும் இல்லை. கோயிற் செல்வத்தை அவன் தொடவில்லை. நாட்டின் விடுதலையையோ எடுத்துக்கொண்டான். கடற்கரை நகரங்கள் பிரிக்கப்பட்டன, கப்பம் விதிக்கப்பட்டது, ஹிர்க்கானஸ் முடியில்லாத தலைமைக் குருவானான். கி.மு. 61இல் ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் அரிஸ்டோபுலஸ் கைதியாக நடத்திச் செல்லப்பட்டான். அக்காலத்தில் சிறைப்பட்டு ரோமுக்குச் சென்று, பின்னர் விடுதலை பெற்ற யூதர் பலர் அந்நகரிலேயே குடியமர்ந்தனர். அவர்களை நாம் மீண்டும் சந்திப்போம்.

ரோம் தந்த முடி

பின்வந்த ரோமானியத் தலைவர்கள் பலவிதம். கிராசஸ் கி.மு. 54இல் கோயிற் பொன்னைக் கவர்ந்தான். ஜூலியஸ் சீசரோ, எகிப்துப் போரில் அந்திப்பாத்தரும் ஹிர்க்கானசும் செய்த உதவியை மறவாமல், எருசலேமின் மதிலைக் கட்டிக்கொள்ள இசைந்தான். நிலத்தைத் தரிசாக விடும் ஏழாம் ஆண்டில் வரிச்சலுகை தந்தான். வேற்றூர்களில் வாழும் யூதர் தம் முறைப்படி ஒன்றுகூடவும் உரிமையளித்தான். கி.மு. 44இல் அவன் கொலையுண்டபோது, ரோம் நகர யூதர் அவன் சிதையருகே பல இரவுகள் கூடி அழுதனர்.

கி.மு. 40இல் பார்த்தியர் படையெடுத்து, அரிஸ்டோபுலசின் மகன் அந்திகோனசை அரசனாக்கினர். அந்திப்பாத்தரின் மகன் ஏரோது ரோமுக்கு ஓடினான். அங்கே செனட் சபை அவனை யூதரின் மன்னன் என அறிவித்தது. யூதர் மன்னன் யார் என்பதை யூதர் இல்லாத அவை முடிவு செய்தது. கி.மு. 37இல் ரோமானியப் படையுடன் வந்து அவன் எருசலேமைக் கைப்பற்றினான்.

ஏரோது திறமையற்றவன் அல்லன். பஞ்சம் வந்தபோது அரண்மனைப் பொன் வெள்ளியை உருக்கி எகிப்திலிருந்து தானியம் வாங்கினான். செசரியாத் துறைமுகத்தை அமைத்தான். எருசலேம் கோயிலை உலகம் வியக்கப் புதுப்பித்தான். ஆயினும் பழைய அரசமரபின்மீது கொண்ட அச்சம் அவனை விடவில்லை. அம்மரபில் வந்த தன் மனைவி மரியம்னேயையும், அவள் வயிற்றில் பிறந்த தன் மைந்தர் இருவரையும் கொல்வித்தான். கோயில் வாயிலில் பொற்கழுகுச் சின்னம் ஒன்றை வைத்தான். உருவங்களை விலக்கும் வேதநெறிக்கு அது மாறானது என அதை வெட்டி வீழ்த்தத் தூண்டிய ஆசிரியர் இருவரும் கி.மு. 4இல் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவ்வாண்டே அவனும் இறந்தான்.

மீண்டும் அதே குரல்

அவன் மறைந்ததும் நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. சிரியாவின் ஆளுநன் வாரஸ் இரண்டாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்து அதை அடக்கினான். ஏரோதின் மைந்தர் பங்கு கேட்டு ரோமுக்கு விரைந்தனர். அவர்களோடு மக்களின் சார்பில் ஐம்பது தூதரும் சென்றனர். ரோம் நகரில் வாழ்ந்த யூதர் எண்ணாயிரவர் அத்தூதருக்குத் துணைநின்றனர். ஒரு காலத்தில் விலங்கு பூட்டி அங்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர் அவர்களுள் பலர். தாயகத்தைவிட்டு இரு தலைமுறை கடந்தும் அதன் துயரம் அவர்களுக்கு அயலாருடைய துயரமாகிவிடவில்லை.

தூதர் அகஸ்டஸ் பேரரசனிடம் கேட்டது என்ன? ‘மன்னர் ஆட்சியை நீக்கி, எங்களைச் சிரியாவோடு சேர்த்துவிடுங்கள், எங்கள் சட்டப்படி வாழ விடுங்கள்’ என்பதே. தமஸ்குவில் ஒலித்த அதே குரல்தான். ஆனால் இடைப்பட்ட ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் அது எவ்வளவு தளர்ந்துவிட்டது! அன்று தம் குருமாரின் ஆட்சியைக் கேட்டவர்கள் இன்று அந்நியனின் நேராட்சியையே புகலிடமாகக் கருதினர்.

அகஸ்டஸ் அப்போது இணங்கவில்லை. நாட்டை ஏரோதின் மைந்தர் மூவருக்குப் பகிர்ந்தளித்தான். யூதேயாவைப் பெற்ற அர்க்கெலாயுவின் கொடுமை பொறாது மக்கள் மீண்டும் முறையிட, கி.பி. 6இல் அவனைக் கால் நாட்டிற்கு நாடு கடத்தினான். மக்கள் வேண்டியது கிடைத்தது, மன்னன் ஒழிந்தான். ஆனால் உயிர்த்தண்டனை விதிக்கும் அதிகாரத்துடன் ரோமானிய ஆளுநன் வந்தான். வரி விதிப்பதற்காகக் குடிமக்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்தனர். தலைமைக் குருவின் திருவுடையும் ரோமானியர் காவலுக்குச் சென்றது. ‘இறைவனையன்றி எமக்குத் தலைவன் இல்லை’ என்று கலிலேயனான யூதா அக்கணக்கெடுப்பை எதிர்த்து எழுந்தான். அவன் மூட்டிய கனல் பின்னர் கி.பி. 66இல் பெரும் போராக வெடித்தது.

நம் கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்த ரோமானியக் காசுகளில் இதே அகஸ்டசின் தலையுருவைக் காணலாம். யூதேயாவில் அவனுடைய ஆளுநர் அச்சிட்ட சிறு காசுகளிலோ கதிரும் பேரீச்ச மரமுமே உண்டு. மனித உருவம் இல்லை. பேரரசனின் முகத்தையே விலக்கச் செய்தது எந்தப் படையும் அன்று. மக்கள் விடாது பற்றிய நெறியே.

கி.பி. 70இல் அக்கோயிலும் ரோமானியர் இட்ட தீக்கு இரையாயிற்று. அரியணைக்குப் போட்டியிட்டோரின் மரபுகள் காலப்போக்கில் மறைந்தன. அரியணையை விரும்பாது தம் வேதத்தையும் கூட்டு வழிபாட்டையும் காத்துக்கொண்ட மக்களோ, சென்ற நாடுகளிலெல்லாம் ஒரு சமூகமாக நிலைத்தனர். தமஸ்குவில் தோற்ற அந்த மூன்றாவது குழுவின் வழக்கிற்கு வரலாறு காலந்தாழ்த்தி அளித்த தீர்ப்பு இதுவே எனலாம்.