வரி முடிவில் நின்ற கொம்பு

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு ஒன்றை வெறும் உரையாகத் திறந்து பாருங்கள். உள்ளே தமிழே இராது. ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். யாழ்ப்பாணத்து அச்சகங்களில் வருடக்கணக்காகச் சேர்ந்து கிடப்பது இந்தச் சரக்குத்தான். அதை யுனிகோட்டுக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று.

பாமினியின் விசைவரிசை புதிதல்ல. நடுவரிசையில் ய, ள, ன, க, ப, கால், த, ம, ட: தட்டச்சுப் பொறியின் அதே ஒழுங்கு. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று சொல்லப்படும் ஆர். முத்தையா எங்கள் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போனவர். பொறியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில்தான் அடிக்கலாம். கொம்பு முதலில், மெய் பிறகு. கொம்பியூட்டர் வந்தும் விரல்கள் பழக்கத்தை விடவில்லை, எழுத்துரு விரல்களுக்குப் பணிந்து போனது. யுனிகோட்டில் மெய் முன்னே, கொம்பு பின்னே.

ஒன்றிரண்டு பக்கம் என்றால் ஜேர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் செய்து தந்த மாற்றியில் ஒட்டி எடுக்கலாம். 2005இல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்னூலாக்கத் தொடங்கியபின் எங்கள் ஆசை பெருத்துவிட்டது. அலுமாரி நிறைந்த கோப்புகளுக்கு நிரல்தான் வேண்டும்.

1977இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த ‘ஓக்’ மொழிக்கு இயல்பே வரி வரியாக வாசிப்பது: ஒரு வரியை எடு, விதியைப் போடு, எழுதிவிட்டு மற. லாரி வோல் 1987இல் வெளியிட்ட பேர்ளிலும், பின்வந்த பைத்தனிலும் அந்த வழி உண்டு. நினைவகம் குறைந்த பழைய மெசினிலும் பெரிய கோப்பு ஓடி முடிந்துவிடும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. மாற்றிய கோப்பை 4096 பைட்டுத் துண்டுகளாக வெட்டி வாசித்தால் எழுத்து நடுவில் முறியும். வரி முடிவில் வெட்டினால் முறியாது.

விதிகளை அடுக்குவதில்தான் சங்கடம். ‘கொ’வை முதலில் பிடிக்க வேண்டும், பிறகு ‘கெ’, கடைசியில் ‘க’. ‘கௌ’ இன்னும் பொல்லாதது, ஏனென்றால் அதன் வால் பாமினியில் சாதாரண ‘ள’ விசைதான். அவசர நிரல்கள் ‘வெளியீடு’ என்பதை ‘வௌ’ என்று தொடங்கி, இகரக் குறியை அநாதையாக விட்டுவிடும். இணையத்தில் இந்த ‘வௌ’ இன்றும் மலிந்து கிடக்கிறது. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ஔகாரமல்ல என்று ஒரு விதி போட்டால் பெரும்பாலானவை திருந்தும். ‘வெள’ என்று வெறுமனே நிற்பவற்றை விதி தீர்க்காது, சொல்தான் தீர்க்கும்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் இதே வழக்குத்தான். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் நச்சினார்க்கினியர் உரையோடு ஓலை ஏடுகளிலிருந்து அச்சேற்றியவர். ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இராது, காலும் ரகரமும் ஒரே வடிவம். எது கால், எது ரகரம் என்பதைப் பொருள் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ஏடு எழுதியவர் இடம் தீர்ந்தால் சொல்லை எங்கும் முறிப்பார். கொம்பு இந்த வரியிலும் மெய் அடுத்த வரியிலும் போய்விடும்.

ஒடுங்கிய பத்திரிகைப் பத்திகளை நிரப்ப ‘என்ரர்’ அடித்து அடித்து முறித்த கோப்புகளிலும் அதையே கண்டேன். வரி கொம்போடு முடியும், அடுத்தது ‘க’வில் தொடங்கும். ஆகவே என் நிரல் எதையும் உடனே மறப்பதில்லை. கடைசிக் குறி கொம்பானால் அதைக் கையில் வைத்திருந்து அடுத்த வரியின் தலையில் சேர்க்கும். சொல்லே இரண்டாக முறிந்திருந்தாலும் தமிழில் இணைகோடு போடும் வழக்கம் குறைவு, அதனால் அது சொல்முடிவா முறிவா என்று நிரலுக்குத் தெரியாது.

பிள்ளையவர்களிடம் ஒப்பிட வேறு பிரதிகள் இருந்தன. போர்க்காலக் கோப்புகள் பலவற்றுக்கு அச்சுப்பிரதியும் மிஞ்சவில்லை. ஐயமான வரிகளை வரி இலக்கத்தோடு தனிக் கோப்பொன்றில் கொட்டுகிறேன். அதை அச்சகத்தில் முன்பு புரூஃப் வாசித்த ஐயா ஒருவர் பின்னேரங்களில் வந்து பார்த்துத் தருகிறார்.